தலையாட்டச் சொன்ன முள்ளங்கி

ஜெபராணி கடைப்படி ஏறி வந்தபோது ஜேசுராஜ் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். செருப்புச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை. "உக்காருங்க, அஞ்சு நிமிசம்" என்று யாரோ வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோலச் சொல்லி வைத்தான். பதில் வராமல் போகவே நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்து உருண்டது. வீட்டிலிருந்து போடி பஜாருக்கு நாலே தெருதான். அந்த நாலு தெருவைத் தாண்டி அவள் கடைக்கு வந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. மகள் ஜெஸ்லினை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து உள்ள கணக்கு அது.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. மஞ்சப்பைக்குள் கைவிட்டு, சுடிதார்த் துப்பட்டாவில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது ஓடுமான்னு பாருங்க."

துப்பட்டாவைப் பிரித்தான். புத்தகம்போல மடக்குகிற, உள்ளங்கை அகல விளையாட்டு மிஷின். வான நீலம். மூடியில் பாதி உரிந்த ஸ்டிக்கர்.

"எங்கன இருந்துச்சு இது?"

"அவ சுடிதார் அடுக்குக்கு அடியில. கிறிஸ்மஸ் வருதுல்ல, ஹாஸ்டல் புள்ளைகளுக்குக் குடுத்துரலாம்னு பீரோவ ஒழிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இதுல அவ சத்தம் இருக்குங்க."

ஜேசுராஜ் மிஷினைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டான்.

"இத மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் உங்ககிட்ட நான் கேக்க மாட்டேன்."

இந்த "வேற ஒண்ணும்" என்பதற்குள் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதையில் ஒரு மண்ணும் புரியாது.

ஜெஸ்லின் தேனியில் நர்சிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில், வீட்டுக்குத் திரும்பும்போது, ரோட்டில் ஸ்கூட்டி சறுக்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அதற்குமேல் சொல்லவும் ஒன்றுமில்லை, வாயும் வராது. அவள் போன் பின்னால் வந்த லாரியின் சக்கரத்தடியில் சப்பளிந்து கிடந்தது. மிச்சம் இருந்தது ஜெபராணியின் போன். அதில் மகள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மட்டும் இருநூற்றுப் பதினேழு. "எம்மா, பஸ்ஸு ஏறிட்டேன்." "எம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?" "எம்மா, அப்பாட்ட சொல்லாத, இன்டர்னல்ல போச்சு." ஜெபராணி அதைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சோறு இல்லை, தூக்கம் இல்லை. ஒரு மாதத்தில் ஆளே பாதியாகிப் போனாள். சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போகும்போது, அந்தப் போனைக் கொஞ்ச நாளைக்கு அவள் கண்ணில் காட்டாதீர்கள் என்றார். அவள் தம்பி ஜோயலும் அதையே சொன்னான். ஜேசுராஜ் தொழில் தெரிந்தவன் இல்லையா, எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றினான். மனைவி போனில் இருந்ததைச் சுத்தமாக அழித்தான். கார்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு கடை டிராயரில் பத்திரமாகப் பூட்டினான்.

நாலு மாதம் கழித்து அவள் தேறி வந்து கேட்டபோது கார்டை எடுத்துச் சொருகினான். கார்டு காலி என்றது கம்ப்யூட்டர். ஃபார்மெட் பண்ணவா என்று வேறு கேட்டது. மதுரைக்கு அனுப்பினான், கோயமுத்தூருக்கு அனுப்பினான். போன வேகத்தில் திரும்பி வந்தது. "தாராளமா வாங்கிட்டுப் போங்க, டேட்டா எங்கயும் போகாது, நான் கேரண்டி" என்று ஊருக்கெல்லாம் மெமரி கார்டு விற்கிறவன் அவன்!

ஜெபராணி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னொண்ணுலயும் ஏத்தி வெச்சிருக்கக் கூடாதாங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து சாப்பிட வாங்க, கரண்டு பில்லு கட்டணும், அவ்வளவுதான் பேச்சு. போட்டோ நிறைய இருந்தது. சொந்தக்காரர் வீட்டிலெல்லாம் இருந்தது. சத்தம்தான் எங்கேயும் இல்லை, வாய்ஸ் அனுப்பியதெல்லாம் அம்மாவுக்கு மட்டும்தான். ஜோயலின் கல்யாண வீடியோவில் ஜெஸ்லின் வாய் ஓயாமல் பேசுகிறாள், கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். வீடியோக்காரன், அவன் கையில் கட்டி வர, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பாட்டைப் போட்டு மூடிவிட்டான்.

இந்த மிஷின் வந்ததும் அந்த ஜோயல் வழியாகத்தான். அவனுக்குத் தேக்கடியில் ஹோட்டல் வேலை. ஒரு ஜப்பான்காரக் குடும்பம் அறையில் விட்டுவிட்டுப் போனதை ஹோட்டல்காரர்கள் ஒரு வருடம் வைத்திருந்து பார்த்தார்கள். யாரும் கேட்டு எழுதவில்லை. அக்கா மகளுக்கு ஆகும் என்று ஜோயல் வாங்கிவந்து கொடுத்தான். உள்ளே ஒரே ஒரு விளையாட்டுக் கேசட்டு. அதிலோ எல்லாம் ஜப்பான் எழுத்து. ஏ, பி, சி, டி என்று மருந்துக்குக்கூட ஒரு எழுத்து கிடையாது.

ஆனால் அந்த விளையாட்டு இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது! மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வெள்ளை முள்ளங்கி வந்து குதித்துக் குதித்து வரவேற்கும். அப்புறம் குட்டிக் குட்டியாக நாற்பத்தெட்டு விளையாட்டு, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நொடி. தூங்குகிற பெரியவருக்கு மூக்குமுடி பிடுங்க வேண்டும், அவர் தும்மாமல். ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரிக்க வேண்டும். மேனேஜருக்குக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும், ஒரு அங்குலம் கூடக் குனிந்தால் நம் தலையிலிருக்கிற டோப்பா அவர் காப்பிக்குள் விழும். உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்துச் சம்பளம் வாங்கிய மனிதர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

ஜெஸ்லினுக்கு அது உயிர். அர்த்தம் தெரியாமலே ஒவ்வொன்றாகத் தோற்றுத் தோற்றுக் கண்டுபிடித்தாள். முள்ளங்கிக்கு முள்ளங்கி மாமா என்று பேர் வைத்தாள். அந்த மிஷினில் ஆளைப் பார்க்கிற கேமரா ஒன்று உண்டு. நடு நடுவில் முள்ளங்கி மாமா என்னவோ கேட்பார். அவள் மிஷினை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெடுக் வெடுக்கென்று தலையை மேலும் கீழும் வெட்டுவாள்.

"என்னடி பாப்பா, பூம்பூம் மாடு வாசல்ல வந்து நின்ன மாதிரி ஆட்டுற?" என்று ஜேசுராஜ் சிரிப்பான்.

"அது அப்பிடித்தான்ப்பா கேக்குது. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இருங்க."

அவனுக்குத் தெரியாதுதான். ஆட்டட்டும் என்று விட்டுவிட்டான்.

ஜெபராணி சொல்கிற சத்தம் ஸ்டேஷன் மாஸ்டர் விளையாட்டில் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் குறட்டை விடுவார், ரயில் வந்துகொண்டிருக்கும். மிஷினின் மைக்கில் கத்தி அவரை எழுப்ப வேண்டும். எழுப்பிய சத்தத்தை அது வாங்கி வைத்துக்கொண்டு, உடனே ஒரு தரமும் அடுத்தடுத்த முறை தானாகவும் போட்டுக் காட்டும். ஒவ்வொரு தரமும் போட்டு முடிந்ததும் முள்ளங்கி மாமா வந்து கேட்பார். போடிக்கு ரயில் வராமல் கிடந்த காலத்தில் வந்த மிஷின், வேலையில்லாமல் தூங்குகிறார் என்று அவருக்குப் போடி ஸ்டேஷன் மாஸ்டர் என்று பேர். ஜெஸ்லின் அவரை எழுப்பியது தன் குரலில் இல்லை. தினம் காலையில் அம்மா தன்னை எழுப்புகிற அதே குரலில், அதே இழுவையில்: "ஏலே எந்திரி ஆத்தா, எந்திரி! வெயிலு மூஞ்சில அடிக்குது, இன்னும் சுருண்டு கெடக்க!" சொல்லி முடித்ததும் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. ஜெபராணி அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் பின்னால் வந்து அதைப் போட்டுக் காட்டுவாள். "போடி இவளே" என்று கரண்டியைத் தூக்குவாள் ஜெபராணி.

இப்போது அந்தச் சிரிப்பு மேசைமேல் கிடந்தது. எட்டு நொடி இருக்கும். உலகத்தில் ஜெஸ்லினின் சத்தம் என்று மிச்சமிருந்தது அந்த எட்டு நொடிதான்.

"ஓடும் ராணி. ஓட வெச்சுருவேன்" என்றான் ஜேசுராஜ். சொல்லும்போதே பயமாக இருந்தது.

"நான் இங்கனயே இருக்கேன்."

ஷட்டரைப் பாதி இறக்கினான். பகல் ரெண்டு மணி. பஜாரில் ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற சத்தமும் எதிர்க்கடையில் காகித நட்சத்திரத்துக்கு விலை பேசுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. பின்பக்க மூடியைக் கழற்றினான். பேட்டரி பொரித்த அப்பளமாக உப்பியிருந்தது. சார்ஜர் குத்துகிற இடம் துருவேறி ஒடிந்து கிடந்தது. அதையெல்லாம் அவன் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, கை பார்க்காத வேலையா? பழைய பேட்டரியை உருவிப் போட்டுவிட்டு, மேசைமேல் இருந்த கரண்டு சப்ளைப் பெட்டியிலிருந்து ரெண்டு ஒயர் இழுத்து நேராகப் பற்றவைத்தான். கேசட்டைக் கழற்றவே இல்லை. கழற்றினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். இருபத்தாறு வருடமாகச் சால்டரிங் அயர்ன் பிடிக்கிறவன் ஒரு ஒயரை மூன்று தரம் சரிபார்த்தது அன்றைக்குத்தான்.

ரெண்டு டீ சொன்னான். அவள் குடித்தாள். தான் வாங்கிக் கொடுத்த ஒன்றை அவள் மறுக்காமல் குடிக்கிறாள் என்பதே அவனுக்குப் பெரிதாக இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான். இந்த எட்டு நொடியை எடுத்துக் கொடுத்துவிட்டால் வீட்டில் மறுபடி பேச்சு வரும், சண்டையாவது வரும், கல்லறைத் தோட்டத்துக்கு ரெண்டு பேரும் ஒன்றாகப் போகலாம். மனுசன் ஆசைப்படுவதற்கு அளவா இருக்கிறது.

மூன்றரை மணிக்கு மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஏசப்பா" என்றாள் ஜெபராணி. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

மேல்திரை நன்றாக இருந்தது. கீழ்த்திரையில் பாதிக்கு மை கொட்டியது மாதிரி கறுப்பு. முள்ளங்கி மாமா வந்து குதித்தார். ஏதோ நீளமாக எழுத்து ஓடியது. ஜேசுராஜ் தன் போனை எடுத்து, எழுத்தைக் காட்டினால் தமிழில் சொல்கிற கேமராவைத் திறந்து மேலே பிடித்தான். 'நீண்ட நாட்கள் காணவில்லை. முள்ளங்கி தனியாக வாடியது' என்று வந்தது.

"என்ன சொல்லுது?"

"ரொம்ப நாளா காணமேன்னு கேக்குது."

ஜெபராணியின் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. மிஷினை அவள் கையில் கொடுத்தான், ஒயர் இழுபடாமல் பார்த்துக்கொண்டான். மகள் முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள், அதனால் அவளுக்கே இடம் தெரிந்தது. மூன்றாவது வரிசை, ரயில் படம். அமுக்கினாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் குறட்டை விட்டார். தூரத்தில் ரயில் கூவியது. பிறகு அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"ஏலே எந்திரி ஆத்தா, எந்திரி! வெயிலு மூஞ்சில அடிக்குது, இன்னும் சுருண்டு கெடக்க!"

அப்புறம் சிரிப்பு.

பிள்ளையின் சிரிப்பு, அப்படியே. முதலில் மூக்கால் ஒரு வெடிப்பு, பிறகு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு கிளுகிளுப்பு. ஜேசுராஜ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஜெபராணி வாயை மகளின் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது அவன் தோளுக்குத் தெரிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அடித்துப் பிடித்து எழுந்து கொடியை ஆட்டினார், ரயில் நின்றது.

"என் தங்கம்" என்றாள் ஜெபராணி. "எங்க இருந்த நீ இம்புட்டு நாளா?"

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். "மறுபடி போடுங்க."

"போடலாம் ராணி. இந்தத் தடவ போன்ல ரெக்கார்டு போட்டுக்கிடுவோம். பத்து எடத்துல ஏத்தி வெப்போம். ஜோயலுக்கும் அனுப்பிருவோம்."

திரையில் முள்ளங்கி மாமா மறுபடி வந்து நின்றார். கையில் ஒரு பேச்சுக் குமிழியைப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழுமாகக் குதித்தார். கீழே எழுத்து. கீழ்த்திரையின் கறுப்புக்குள் ஏதோ படம் அசைகிற மாதிரி இருந்தது. ஜேசுராஜ் போனைக் காட்டினான்.

'இந்தக் குரலை வைத்துக்கொள்ளலாமா? தலையை ஆட்டிச் சொல்லவும்.'

"என்னவாம்?"

"இந்தச் சத்தத்த வச்சுக்கிடவான்னு கேக்குது. ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கு பாரு. சரின்னு தலையாட்டு."

அவள் முகத்தைச் சுற்றித் திரையில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. ஜெபராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோ எடுக்கப் போவதுபோல முந்தானையைச் சரிசெய்தாள். அப்புறம் சரி என்று தலையாட்டினாள்.

நம் ஊரில் சரி என்று எப்படித் தலையாட்டுவார்களோ அப்படி. வலது தோளுக்கும் இடது தோளுக்குமாக, மெதுவாக, ரெண்டு தரம், மூன்று தரம். பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா என்று கேட்டதற்கும் இப்படித்தான் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் ஜேசுராஜ் இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறான்.

டிங் என்று ஒரு மணி அடித்தது. முள்ளங்கி மாமா ஆழமாகக் குனிந்து வணக்கம் வைத்தார். கையிலிருந்த பேச்சுக் குமிழிக்கு ரெண்டு சிறகு முளைத்தது. அது மேலே பறந்து, திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

'புரிந்தது. குரல் விடைபெற்றுச் சென்றது' என்றது போன்.

ஜேசுராஜ் அதை ரெண்டு தரம் படித்தான். இந்தப் போன் தமிழுக்கு என்ன தெரியும், தாறுமாறாகத்தான் சொல்லும் என்று நினைத்துக்கொண்டான். போனில் ரெக்கார்டரைத் திறந்து, சிவப்புப் புள்ளியை அமுக்கி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ம், போடு."

அவள் ரயில் படத்தை அமுக்கினாள். ஸ்டேஷன் மாஸ்டர் குறட்டை விட்டார். ரயில் கூவியது. அவர் குறட்டை விட்டுக்கொண்டே இருந்தார். திரையில் ஒரு மைக் படம் மினுக்கிக்கொண்டிருந்தது. ரயில் நிற்காமல் போனது.

"எங்கங்க?"

"இரு, இரு. மறுபடி."

மறுபடி குறட்டை. மறுபடி ரயில் போனது. அவன் மிஷினை வாங்கி, விளையாட்டை விட்டு வெளியே வந்து, திரும்ப உள்ளே போய், மறுபடி அமுக்கினான். மைக் மினுக்கியது, யாராவது கத்துங்கள் என்று. போன் எல்லாவற்றையும் ஒழுங்காக ரெக்கார்டு பண்ணிக்கொண்டிருந்தது. குறட்டையும் ரயிலும்.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. வெடுக் வெடுக்கென்று மேலும் கீழும் வெட்டிய அந்தத் தலை. அது அப்பிடித்தான்ப்பா கேக்குது. பூம்பூம் மாடு என்று அவன்தானே பேர் வைத்தான்? முள்ளங்கி குதித்ததும் சும்மா குதித்ததில்லை, இப்படி ஆட்டு என்று ஆட்டிக் காட்டியிருக்கிறது. மேலும் கீழும் என்றால் ஆமாம். தோளுக்குத் தோள் என்றால் அந்த ஜப்பான் மிஷினுக்கு வேண்டாம். அந்தக் கறுப்புக்குள் மிஷினைச் செய்தவன் படம் போட்டே காட்டியிருப்பான். கையில் போன் இருந்தது, ரெக்கார்டர் ரெண்டு விரல் தூரத்தில் இருந்தது, முதல் தடவையே போட்டிருக்கலாம். இந்தச் சத்தத்தை வச்சுக்கிடவா என்று கேட்டதற்கு, பெற்றவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொல்ல வைத்தவன் அவன்.

அவன் ரெக்கார்டரை நிறுத்தினான். இதை எப்படி இவளிடம் சொல்வது? நீ தலையாட்டினாய், அதனால் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? இதைக் கேட்டால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள். அவள் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததே, தப்பு அவனுடையது என்ற ஒரு பிடிமானத்தில்தான்.

"என்னங்க ஆச்சு? பேசுங்க."

"போச்சு ராணி." அவன் சப்ளையைக் காட்டினான். "கரண்ட கூட்டி வெச்சுட்டேன். நாந்தேன். உள்ள இருந்தது அழிஞ்சு போச்சு."

அவள் சப்ளையைப் பார்த்தாள். ஒயரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தான், துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"ரெண்டாவது தடவ" என்றாள்.

"ஆமா."

"எம் புள்ளைய ரெண்டாவது தடவையும் தொலச்சுட்டீக."

"ஆமா ராணி."

எதிர்க்கடையில் யாரோ நட்சத்திரத்துக்குள் பல்பு போட்டுப் பார்த்தார்கள். சிவப்பு வெளிச்சம் ஷட்டருக்குக் கீழே வந்து போனது. ஜெபராணி அவன் கையிலிருந்து மிஷினைப் பிடுங்கவில்லை. அதன் பக்கமாகக் குனிந்தாள். தூங்குகிற பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் குனிவதுபோலத்தான் குனிந்தாள். ஸ்டேஷன் மாஸ்டரின் குறட்டை ஓயவில்லை, மைக் படம் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது, ஆனால் அவளுக்கு மைக் என்பதெல்லாம் நினைவில் இல்லை.

"எந்திரி ஆத்தா" என்றாள். "எந்திரி ஆத்தா, எந்திரி. அம்மா வந்துருக்கேன்ல? வெயிலு மூஞ்சில அடிக்குது. எந்திரி ஆத்தா..."

ஸ்டேஷன் மாஸ்டர் துள்ளி எழுந்தார். கொடியை ஆட்டினார். ரயில் நின்றது, ஜனங்கள் இறங்கினார்கள், வாத்தியம் முழங்கியது. பின்னாலேயே ஸ்பீக்கரில் "எந்திரி ஆத்தா, எந்திரி" என்று வந்தது. ஜெபராணி விலுக்கென்று நிமிர்ந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஜேசுராஜ் அதைப் பார்த்தான், இனி சாகும்வரை அவனால் அதை மறக்க முடியாது. சத்தம் முடிந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வர வேண்டிய சிரிப்பு வரவில்லை.

"என் சத்தந்தான்" என்றாள்.

முள்ளங்கி மாமா வந்தார். பேச்சுக் குமிழியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் குதித்தார். அதே எழுத்துகள். போனைக் காட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

ஜேசுராஜுக்கு அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை. இந்தக் குரலை வைத்துக்கொள்ளலாமா என்று ஒன்று கேட்கிறது. வேண்டாம் என்று இன்னொரு தரம் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. எது மிஞ்சுகிறதோ அது மிஞ்சட்டும். மிஷினைத் தன் முகத்துக்கு நேரே தூக்கினான். மஞ்சள் வட்டம் விழுந்தது. வெடுக் வெடுக்கென்று தலையை மேலும் கீழும் வெட்டினான்.

டிங். பேச்சுக் குமிழி ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. பெட்டி பூட்டிக்கொண்டது. சிறகு எதுவும் முளைக்கவில்லை.

"என்ன செய்றீக?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"எதுக்கு இப்பிடி மாடு மாதிரி ஆட்டுறீக?" கேட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். அவள் கண் அவன் தலையிலிருந்து திரைக்குப் போனது. பூட்டிய பெட்டியைப் பார்த்தது. "அவளும் இப்பிடித்தான ஆட்டுவா? இதுக்கு முன்னால ஒக்காந்துக்கிட்டு?"

அவன் மிஷினை மடக்கப் போனான்.

"நீங்க ஆட்டுனதும் உள்ள போயி பூட்டிக்கிருச்சு. அவ சத்தம் பறந்துல்ல போச்சு?"

"ராணி, வேணாம், விட்டுரு. நாந்தேன் கரண்ட..."

"சும்மா இருங்க."

அவள் ஸ்டூலில் நேராக உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள், அப்போது செய்த மாதிரியே. எதிரில் எதுவும் இல்லாத இடத்தைப் பார்த்து, தலையை வலது தோளுக்குச் சாய்த்தாள். இடது தோளுக்குச் சாய்த்தாள். மறுபடி வலது தோளுக்கு வரும்போது தலை அங்கேயே நின்றுவிட்டது.

"நான் இப்பிடில்ல ஆட்டுனேன்?" என்றாள். "இப்பிடி ஆட்டுனா அதுக்கு வேணாம்னு அர்த்தமா? சொல்லுங்க. நானாங்க வேணாம்னேன்?"

ஜேசுராஜ் இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டான். எந்தப் பக்கமும் அசையாமல் பிடித்துக்கொண்டான்.